சிவப்பு தீர்ந்த நிறம்

போன வாரச் சண்டையில் கடைசி வார்த்தை சின்னவனுடையதாக இருந்தது. "அம்மா கட்டிலைக் கீழே இறக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். பெரியவள் பதில் சொல்லவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டால் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை என்பது இத்தனை வாரமாக இவர்களோடு பழகிய உங்களுக்குத் தெரியும். கூடப் பிறந்தவனுக்குத்தான் தெரியவில்லை.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா, ஓய்வு பெறும் வரை வெயிலில் சைக்கிள் மிதித்து ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவள். இரண்டு வருஷமாக இதயம் பலவீனம். 'பம்பிங் கம்மி' என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பெரியவளுக்குப் பெயிண்ட் கடையில் வேலை. வாடிக்கையாளர் கொண்டுவரும் துண்டைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து கொடுப்பாள். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருப்பவர்களையெல்லாம் சிரமமில்லாமல் மாடி ஏற்றுகிறவன் வீட்டில், அம்மாவால் ஒரு மாடி ஏற முடியவில்லை. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். அதனால்தான் கட்டில் இறங்குகிறது.

இறங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி. படி திரும்பும் இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டது.

"அக்கா, உன் பக்கம் தூக்கு."

"தூக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

"பட்டனை அமுக்கினா நானும் மேலே போயிடுவேன்னு நினைச்சியா? இருடா, மூச்சு விட்டுக்கறேன்."

கட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு இருவரும் நின்றார்கள். சின்னவன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரியவள் அவனைப் பார்க்காமல் கட்டில் காலையே பார்த்தபடி பேசினாள்.

"கீழே இறக்கினா அது இறக்கினதுதான். அப்புறம் அவ படி பக்கமே போக மாட்டா. அடுத்து வாசல் பக்கம் போக மாட்டா. அப்புறம் கட்டிலை விட்டே எழுந்திருக்க மாட்டா."

"அதுக்காக தினமும் படியில நின்னு மூச்சு வாங்கணுமா? டாக்டரே சொல்லிட்டாங்க, இதயம் வீக்குன்னு. ஆனதை ஏத்துக்கணும், அக்கா."

ஆனதை ஏற்றுக்கொள்வது என்ற பேச்சே பெரியவளுக்குப் பிடிக்காது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தவள், கீழே, அம்மாவைப் பார்க்க வந்த சித்தியின் குரல் கேட்டு அடக்கிக்கொண்டாள்.

அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி வாசல் கதவை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில். அப்படியிருந்தும் அம்மா கம்பளிச் சால்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு எப்போதும் குளிர்கிறது.

"அடியம்மா!" என்று சித்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, என்ன இப்படிக் கலராயிட்டே! என்னைவிட நிறமா இருக்கியே. வெயில்ல அலையாம வீட்டுக்குள்ளேயே இருந்தா இவ்வளவு மாறுமா?"

அம்மா சிரித்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். அக்கா தங்கை இருவரில் தங்கைதான் சிவப்பு. சின்ன வயதிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அம்மாவுக்குக் 'கறுப்பி' என்றுதான் பெயர். தபால் ஆபீசில்கூட அந்தப் பெயர் எப்படியோ அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் இப்போது சில மாதங்களாக வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் 'நிறம் வந்துவிட்டது' என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்ப்பதைப் பெரியவளும் கவனித்திருந்தாள். நோயாளிக்கு இதுவாவது கிடைத்ததே என்று அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

தாகம் என்றாள் அம்மா. தண்ணீர்கூட அவளுக்கு அளவுதான். பெரியவள் இறங்கி வந்து சின்ன டம்ளரில் ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அம்மாவின் கை லேசாக நடுங்கியதால் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாசல் வெளிச்சத்தில் இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அங்கேயே அவள் கண் நின்றுவிட்டது.

கடையில் அவள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான். எந்த நிறத்தையும் தனியாகப் பார்க்காதே. டியூப் லைட்டில் பார்க்காதே. வாசலுக்குக் கொண்டு வா, பக்கத்தில் இன்னொன்றை வை, அப்புறம் பேசு. ஊருக்கெல்லாம் இப்படிச் சட்டம் பேசியவள், சொந்த அம்மாவை மாதக்கணக்கில், வேலை முடிந்து வந்த பிறகு மாடி அறையில், மஞ்சள் திரைக்குப் பின்னால், டியூப் லைட் வெளிச்சத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

பெரியவளின் நிறம் அம்மாவின் நிறம். ஒரே டப்பாவில் கலந்தது என்று அப்பா உயிரோடு இருந்தபோது கேலி செய்வார். இப்போது பார்த்தால் அம்மாவின் கை வேறு டப்பா. வெளுப்பாக இருந்தது, அது வாஸ்தவம். ஆனால் அந்த வெளுப்பு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். போன வாரம்தான் கலவை மெஷினில் சிவப்புச் சாயம் தீர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. ஒருவருடைய வாசல் கேட்டுக்கு அடிக்க வேண்டிய பழுப்பு நிறம் வெளிறிப்போய் வந்தது. 'இதுவும் அழகாத்தான் இருக்கு' என்று முதலாளி சமாளிக்கப் பார்த்தார். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பழைய துண்டின் பக்கத்தில் வைத்ததும் அவரே வாயை மூடிக்கொண்டார். பழுப்பு அப்படியே இருந்தது, உள்ளே இருந்த சிவப்பு மட்டும் இல்லை.

பெரியவள் அம்மாவின் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். ரேகைகூட வெள்ளையாக இருந்தது. நகத்தை அமுக்கி விட்டாள். அமுக்கியபோதும் விட்டபோதும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

"அம்மா, கண்ணைக் காட்டு."

"என்னடி இது, நல்லாத்தானே இருந்தே?"

கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது.

"சித்தி, இது கலர் இல்லை" என்றாள் பெரியவள். "இவளுக்கு உடம்புல ரத்தம் இல்லை."

சித்தி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. படியில் உட்கார்ந்திருந்த சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆரம்பிச்சுட்டியா? இதயம் வீக்கா இருந்தா சோர்வாத்தான் இருக்கும், அக்கா. நீயா ஒண்ணைக் கிளப்பாதே."

"போன தடவை டாக்டரம்மா ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்களே, நீதானே கூட்டிட்டுப் போனே? என்ன வந்துச்சு?"

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சால்வையின் நுனியைப் பார்த்தாள்.

"பண்ணலையா?"

"அம்மாதான் ஊசி வேண்டாம்னாங்க. கையெல்லாம் குத்திக் குத்திக் கன்னிப் போயிருந்துச்சு. நானும் சரின்னுட்டேன்."

"அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட காட்டப் போகலையா?"

"போகலை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில மாத்திரையை வாங்கிட்டு வந்துடறேன்."

பெரியவளுக்குக் கோபம் எள்ளும் கொள்ளுமாக வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. அதற்கெல்லாம் பிறகு நேரம் ஒதுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டாள். கடைக்கு போன் போட்டு இன்று வரமாட்டேன் என்றாள். சித்தியிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கட்டில் படியிலேயே கிடக்கட்டும் என்றாள்.

"கிளம்புமா."

"நான் வரலை."

"வண்டி கூப்பிட்டாச்சு."

"வரலைன்னா வரலை." அம்மாவின் குரல் உடைந்தது. "இத்தனை வயசுக்கப்புறம் நாலு பேர் நான் பார்க்க நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. அதுகூட உனக்குப் பொறுக்கலையாடி? அதையும் ஒரு நோயாக்கணுமா?"

பெரியவள் அப்படியே அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இருக்கவில்லை. அம்மாவுக்குள் இந்த ஆசை இத்தனை வருஷம் இருந்திருக்கிறது என்பதும், அதைப் பிடுங்கப் போவது தான்தான் என்பதும் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீ எப்பவும் அழகுதான்மா. உன் நிறம்தானே எனக்கும்? நான் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் நீதான் தெரியறே, எனக்கு ஒரு குறையும் தெரியலை. யார் கலர்னு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? எனக்கு நீ வேணும். எழுந்திரு."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் வீம்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு, "சைக்கிள் ஓட்டின காலுடி இது, இப்போ ஒரு வாசப்படியைத் தாண்ட உன் தோள் வேணும்" என்று முனகிக்கொண்டே கையை நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த நர்ஸ் கெட்டிக்காரி. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டாள். அம்மா அதைப் பெரிய மனது பண்ணிப் பாராட்டிவிட்டு, ரிசல்ட் வரும் வரை சின்னவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். முன்பெல்லாம் வரிசையில் நிற்கும் அத்தனை பேரிடமும் கதை கேட்கிறவள். இப்போது உட்கார்ந்தால் தூக்கம்.

"கோபமா அக்கா?" என்றான் சின்னவன், தோளை அசைக்காமல்.

"ஆமாம்."

"ஒவ்வொரு தடவை வரும்போதும் புதுசா ஒண்ணைச் சொல்றாங்க. அம்மா மூஞ்சி சுருங்கிப் போயிடுது. மிச்சம் இருக்கிற நாளை நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். தப்பா?"

"மிச்சம் எவ்வளவுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

அவன் கண் கலங்கியிருந்தது. பெரியவள் அவன் முதுகில் கை வைத்தாள். பாசத்தில் குறைச்சல் இல்லாதவன். பயந்து போயிருக்கிறான். பயத்தில் கையை விரித்துவிட்டவனை இழுத்துக்கொண்டு ஓடுவதும் தன் வேலைதான் என்று அவளுக்குத் தோன்றியது. அக்காவாகப் பிறந்தால் சும்மாவா?

டாக்டரம்மா கண்டிப்பானவர். காகிதத்தைப் படித்துவிட்டு மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதை எப்பவோ எழுதிக் கொடுத்தேன். நீங்க வரவே இல்லை."

மூவரும் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் மாதிரி திருதிருவென்று விழித்தார்கள்.

"ரத்தம் இருக்க வேண்டியதுல பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கு, அவ்வளவுதான். இரும்புச்சத்து அடியோட இல்லை. ரத்தசோகை. இதயம் ஏற்கெனவே பலவீனம், அது அடிச்சு அனுப்புற ரத்தத்துலயும் சரக்கு இல்லைன்னா உடம்பு எப்படி நடக்கும்? இவங்க படி ஏற முடியாம நிக்கிறதுக்கு இதயம் மட்டும் காரணம் இல்லை."

பெரியவள் தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் 'சொன்னேனா இல்லையா' என்று கண் சொல்லிவிடும்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டரம்மா, எனக்கு நேராச் சொல்லிடுங்க. இப்படி இருக்கிறவங்க ரொம்ப நாள் இருப்பாங்களா?"

"அம்மா!" என்றான் சின்னவன்.

"நீ சும்மா இரு. அடுத்தவங்க தபாலை நான் பிரிச்சதே இல்லை. இது எனக்கு வந்த தபால். நான்தான் பிரிக்கணும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நேராச் சொல்றேன். இதயம் பலவீனமா இருந்து ரத்தசோகையும் சேர்ந்துக்கிட்டா, அப்படிப்பட்டவங்க அடிக்கடி ஆஸ்பத்திரியில வந்து படுக்கிறாங்க. மத்தவங்களைவிடச் சீக்கிரம் போறவங்களும் அவங்கள்ல அதிகம். இது உங்க ஒருத்தருக்குன்னு எழுதி வெச்ச கணக்கு இல்லை, பொதுவா பார்க்கிறது."

அம்மா தலையை ஆட்டினாள்.

"ஏதாவது செய்ய முடியுமா?"

"முடியும். உங்களுக்கு இரும்பு மாத்திரை சரியா ஒட்டாது. நரம்பு வழியா ஏத்தணும். இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க. ஏத்தினா ஆயுசு கூடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தெம்பு வரும், மூச்சு வாங்குறது குறையும், இங்கே வந்து படுக்கிறது குறையலாம். உங்க நிறமும் திரும்ப வரும்."

"கறுப்பா ஆயிடுவேன்னு சொல்றீங்க."

"ஆயிடுவீங்க."

"போடுங்க ஊசியை" என்றாள் அம்மா. "கறுப்பியாவே நடந்துட்டுப் போறேன்."

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் இருமி வைத்தாள்.

ஆனால் டாக்டரம்மா முடிக்கவில்லை. "ஏத்துறது ஒரு பக்கம். இவ்வளவு ரத்தம் எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்கணும். ஓட்டையை அடைக்காம தொட்டியில தண்ணி விட்டுப் பிரயோஜனம் இல்லை. வயித்துல எரிச்சல் இருக்கா? வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா இருக்கா?"

அம்மா தயங்கினாள். "கொஞ்ச நாளா அப்படித்தான் போகுது."

"ஏம்மா சொல்லலை?" என்று பெரியவள் பதறினாள்.

"அதையெல்லாம் வீட்டுல தண்டோரா போடுவாங்களாடி?"

"வலி மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறீங்களா?" என்றார் டாக்டரம்மா. "முட்டி வலி, இடுப்பு வலின்னு? ஆரம்பத்துலேயே கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"இல்லை" என்றாள் அம்மா. அந்த 'இல்லை' அவசரமாக வந்தது.

"ஆமாம்" என்றான் சின்னவன்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றிருந்தான். "முட்டி வலி தாங்க முடியலைன்னு அழுதாங்க. மருந்துக் கடையில மத்த மாத்திரை வாங்கும்போது அதையும் வாங்கிட்டு வந்து கொடுத்தேன். தினமும் ரெண்டு வேளை. வலியில்லாம தூங்குறாங்களேன்னு சந்தோஷப்பட்டேன்."

"அவனைத் திட்டாதீங்க" என்றாள் அம்மா உடனே. "முதல்ல மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் அழுது வாங்க வெச்சேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். அது உடம்பில் நீரைக் கோர்க்கும், இதயத்துக்கு ஆகாது, வயிற்றைப் புண்ணாக்கி ரத்தத்தைக் கசிய விடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னவன் ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டே போனான். கடைசியில் பெரியவள் எட்டி அவன் கையைப் பிடித்தாள். திட்டுவதற்கென்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்போ அந்த மாத்திரையாலதான் இதெல்லாம். நிறுத்தினா சரியாயிடும், இல்லையா டாக்டர்?" என்றான்.

"அதுவா இருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். தொண்டை வழியா கேமரா விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"வேற காரணம்னா?"

டாக்டரம்மா பதில் சொல்ல ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். பெரியவளுக்கு அது போதுமாக இருந்தது. கேட்க வேண்டாம் என்று தோன்றியது. இதுவரை ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். இப்போது முதல் தடவையாக அவளுக்குத் தம்பியின் பயம் புரிந்தது.

"சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் அம்மா. "என் வயிறுதானே?"

"கட்டியா இருக்கலாம். இருக்குன்னு சொல்லலை. இல்லைன்னு பார்த்துட்டுச் சொல்றதுதான் என் வேலை. முழுசா மயக்கம் கொடுக்க மாட்டோம், தொண்டையை மரத்துப்போக வெச்சுப் பார்க்கலாம். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வெச்சுக்கலாம்."

வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அம்மா ஒரு கையால் மகனையும் ஒரு கையால் மகளையும் தொட்டுக்கொண்டாள். இரண்டு பேர் கையையும் விட அவள் கைதான் குளிர்ந்திருந்தது, ஆனால் அது நடுங்கவில்லை.

"நாளைக்கு எதுக்கு?" என்றாள். "காலையிலேருந்து இதுங்க ரெண்டும் போட்ட சண்டையில, நான் சாப்பிட்டேனான்னு யாராவது கேட்டாங்களா? வயிறு காலியாத்தான் இருக்கு. இன்னிக்கே பார்த்துடுங்க."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.